இரண்டு அமெரிக்கக் காடிகளும் ஒரு சொல்லும்

இங்கிலீஷிலிருந்து இங்கிலீஷுக்கே ஒரு சொல்லைத் தப்பாக மொழிபெயர்த்தவன் நான். பழைய கார்களை இன்ஷூரன்ஸுக்காகப் பார்த்து 'இது இவ்வளவு பெறும்' என்று கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கிய பத்தொன்பது வருஷத்தில் செய்த பிழைகளுக்குத் தனிப் பட்டியலே உண்டு. இடதுபக்க ஸ்டீயரிங் வைத்த கார் ஒன்றில் பழக்கதோஷத்தில் வலதுபக்கம் ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை யாரோ கழற்றிப் போய்விட்டார்கள் என்று சொந்தக்காரரிடமே புகார் சொன்னது அதில் சின்னது. அதற்கு அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், முடிந்தது. இந்தச் சொல் விவகாரத்தில் அன்று யாரும் சிரிக்கவில்லை.

நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் மூவரும், அனுபவத்தில் கற்றதை எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். நான் ஐம்பத்தெட்டிலேயே ஓய்வு பெற்றதற்குக் காரணம் ஞானம் அல்ல, முழங்கால். காருக்கு அடியில் போவது கடைசிவரை சுலபமாகத்தான் இருந்தது. வெளியே வருவதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது. ஆகவே இதை ஞானியின் வாக்காக எடுத்துக்கொள்ளாமல், அடிபட்ட வண்டியின் சர்வே ரிப்போர்ட்டாக வாசியுங்கள்.

சவரிமுத்து அண்ணன் ஈப்போக்காரர். இங்கே நியூசிலாந்தில், மங்கரே விமான நிலையச் சரக்குக் கிடங்கில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். போனில் முதல் வாக்கியமே, "தம்பி, ரெண்டு அமெரிக்கக் காடி இருக்கு, வந்து பாக்கணும்லா" என்பதுதான். எங்கள் சங்ககிரிப் பக்கம் காடி என்றால் புளித்த கஞ்சி. அமெரிக்காவில் கஞ்சியைப் புளிக்க வைக்கிறார்களா, அதற்கு நியூசிலாந்தில் இன்ஷூரன்ஸ் வேறு உண்டா என்று ஒரு கணம் திகைத்தேன். மலேசியத் தமிழில் காடி என்றால் கார். இதைத் தெரிந்துகொண்டபோது, அவர் பேசும் தமிழில் இனி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். கவனியுங்கள், கோணல் அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு காடி, 1957 பெல் ஏர். நாலு கதவு, இளம்பச்சையும் வெள்ளையும். இன்னொன்று 1970 மஸ்டாங், சிவப்பு. மங்கரே வீட்டில் இரண்டுக்கும் இடம் இருந்தது. பிள்ளைகள் போய்விட்ட வீடு பெரிதாகிவிட்டது என்று அதை விற்றுவிட்டு, ஹென்டர்சனில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் யூனிட் என்கிற சின்ன வீடு ஒன்று வாங்கியிருந்தார்கள். அங்கே ஒற்றைக் கராஜ். இந்த மாதிரிக் கார்களை இன்ஷூர் செய்வதற்கு நாமே எழுதி வைத்திருக்கும் நிபந்தனை உங்களுக்குத் தெரியும்: பூட்டிய கராஜுக்குள் நிற்க வேண்டும். ஆக ஒன்று இருக்கும், ஒன்று போகும்.

எது போவது? பெல் ஏர், அண்ணனின் மனைவி ரோசி அக்காவுடையது. பத்திரத்தில் அண்ணன் பெயர்தான். ஆனால் ஓட்டுவது அக்கா. இடுப்பில் ஆபரேஷன் ஆன பிறகு அவரால் மஸ்டாங்கின் பள்ளமான சீட்டில் உட்கார முடியாது. உட்கார்ந்தாலும், தூக்கிவிட இரண்டு ஆளைக் கூடவே கூட்டிப் போக வேண்டும் என்றார். பெல் ஏரின் சீட் நாற்காலி உயரம். ஞாயிற்றுக்கிழமை அக்கா பெல் ஏரில் முன்னால் போவார், அண்ணன் மஸ்டாங்கில் பின்னால் போவார். ஒரே வீட்டிலிருந்து, ஒரே கோயிலுக்கு, ஒரே பூசைக்கு, இரண்டு காரில். இருபது வருஷமாக இப்படித்தான் குடும்பம் ஒற்றுமையாக நடந்திருக்கிறது.

இப்போது ஒற்றுமைக்கு இடமில்லை. பேசிப் பார்த்து, பேசாமலும் இருந்து பார்த்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். வெளி ஆள் ஒருத்தர் வந்து இரண்டையும் பார்த்து, ஒப்பிட்டு எழுதித் தரட்டும். எதை வைத்துக்கொள்வது நியாயம் என்று காகிதம் சொல்கிறதோ அது வீட்டில் இருக்கும். மற்றது போகும். இரண்டு பேரும் சத்தியம் செய்யாத குறை.

அந்த இடத்திலேயே நான் மறுத்திருக்க வேண்டும். காருக்கு மதிப்புச் சொல்வது நம் வேலை. தம்பதிகளுக்கு நடுவே பஞ்சாயத்துப் பண்ணுவது நம் வேலையல்ல. அதற்குச் சொம்பும் ஆலமரமும் வைத்திருக்கிற ஆட்கள் வேறே உண்டு. ஆனால் 'நீங்க சொன்னா சரிதான்' என்று யாராவது சொல்லிவிட்டால் மறுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. வீட்டில் அப்படி யாரும் சொல்வதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

எங்கள் தலைமை மதிப்பீட்டாளரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அதிகம் பேசாத பெண்மணி. அவர் வகுத்த படிவத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் ஒரு கோடு பிரிக்கும். இடதுபக்கம் 'கண்டது', வலதுபக்கம் 'கேட்டது'. சொந்தக்காரர் சொன்னதெல்லாம் வலதுபக்கம். உன் கண் பார்த்தது, உன் விரல் தொட்டது மட்டும் இடதுபக்கம். அவ்வளவுதான் அவருடைய தத்துவம். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய் என்ற பழமொழியைத் தாலாட்டு மாதிரி கேட்டு வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லித்தர ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியும் ஒரு கோடும் தேவைப்பட்டன என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். தேவைப்பட்டும் போதவில்லை என்பதையும் சேர்த்துத்தான்.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு மங்கரே போனேன். படிவம், டார்ச், கண்ணாடி, முட்டிக்குப் போட ரப்பர் பாய் எல்லாம் கையில். கராஜை நோக்கி இரண்டு அடி வைப்பதற்குள் ரோசி அக்கா வாசலுக்கு வந்துவிட்டார்.

"பசியாறிட்டுப் பாருங்க தம்பி. காடி எங்கயும் ஓடாது."

பசியாறுவது என்றால் அவர்கள் ஊரில் காலைச் சாப்பாடு. தோசை, நெத்திலி சம்பல், கட்டியான கோப்பி. நான் மறுக்கவில்லை. மூன்றாவது தோசைக்கும் மறுக்கவில்லை. அக்கா பரிமாறினாரே தவிர, தன் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் அதற்கும் சேர்த்துப் பேசினார். மஸ்டாங்கின் பூர்வீகம், மஸ்டாங்கின் குணநலம், மோட்டர்வேயில் ஒருமுறை ஒரு புதுக் காரை அது அவமானப்படுத்திய விதம். நடுநடுவே வீட்டுக்கு மேலே விமானம் இறங்கும். மங்கரேக்காரர்கள் அப்போது வாக்கியத்தை அப்படியே அந்தரத்தில் நிறுத்தி, சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள். ஆகவே அவர் பேச்சைத் தட்டிக்கழிக்க விமானமும் உதவவில்லை.

வாயில் தோசையோடு கேட்டேன், மஸ்டாங்குக்கு இன்ஜின் எப்படி என்று.

"ஒரிஜினல் தம்பி. ஒரு லோக்கல் சாமான் கிடையாது."

பெல் ஏர்?

"அது பாதி பாதி தம்பி. தரையெல்லாம் லோக்கல். ஹென்டர்சன்ல ஒருத்தன் அடிச்சுக் கொடுத்தான்."

அக்கா எனக்குச் சம்பல் வைத்தார்.

இந்த இடத்தில் நின்று, நம் தொழிலில் ஒரிஜினல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று காரில் எது இருந்ததோ, அதே பொருள். பழசோ, கீறலோ, அதே பொருள். ஒரு கார் ஒரே ஒரு தடவைதான் ஒரிஜினலாக இருக்க முடியும். மாற்றிவிட்டால், மாற்றியது தங்கமே ஆனாலும், அது மாற்றியதுதான்.

இனி இரண்டு கார்களையும் ஒப்பிட்டு நான் எழுதியதன் சாரம். இதில் பெரும்பகுதியை இன்றும் மாற்ற மாட்டேன்.

ஐம்பத்தேழு பெல் ஏர், பிறர் பார்ப்பதற்காகச் செய்த கார். போர் முடிந்து, கையில் காசும் மனதில் மிதப்பும் இருந்த காலத்தில் பிறந்தது. திரும்பிய பக்கமெல்லாம் குரோமியம். பின்னால் இரண்டு இறக்கை, பறக்கும் உத்தேசமில்லாத கோழிக்கு இருப்பது போல. முன்சீட் ஒரு சோபா. மூன்று பேர் உட்கார்ந்து, வராத நாலாவது ஆளைப் பற்றிப் பேசலாம். பிரேக்கை அழுத்தினால் உங்கள் விண்ணப்பம் கிடைத்தது என்று முதலில் ஒரு தகவல் வரும். பரிசீலனை முடிந்த பிறகு கார் நிற்கும்.

எழுபது மஸ்டாங் பதின்மூன்று வருஷம் பிந்தியது. அதற்குள் அந்த ஊரில் பார்க்கப்பட வேண்டும் என்ற ஆசை தணிந்து, முந்த வேண்டும் என்ற ஆசை தலைக்கு ஏறிவிட்டது. குரோமியத்துக்குச் செலவழித்ததை இன்ஜினில் போட்டார்கள். ஓட்டுகிறவனுக்கு ஒரு சீட், அவனைப் பார்த்துப் பயப்பட ஒரு சீட். பின்சீட் என்று ஒன்று உண்டு, கல்யாணப் பத்திரிகையில் தூரத்து உறவினர் பெயர் போடுவார்களே, அந்த மாதிரி. பெல் ஏர் தெருவில் வந்தால் ஜனங்கள் சிரித்த முகமாகக் கை காட்டுவார்கள். மஸ்டாங் வந்தால் குழந்தையைக் கைப்பிடித்து இழுத்துக்கொள்வார்கள்.

நமக்கு இதைவிட முக்கியமான வித்தியாசம், இரண்டும் பொய் சொல்கிற விதம். ஐம்பதுகளின் கார் பெயின்டால் பொய் சொல்லும். மேலே பளபளப்பு, கீழே துரு, நடுவில் துருவை மறைக்கப் பூசிய மாவு. ஆகவே அதை விரலால் தட்டிக் கேட்க வேண்டும். எழுபதையொட்டிய வேகக் கார் எண்ணால் பொய் சொல்லும். அதன் மதிப்பெல்லாம், பிறந்த அன்று வைத்த இன்ஜின் இன்றும் இருக்கிறதா என்பதில் இருக்கிறது. இன்ஜினில் குத்திய எண்ணையும், அதன் இரும்பை வார்த்த தேதியையும் காரின் எண்ணோடு ஒப்பிட்டுத்தான் அதைச் சொல்ல முடியும். அதற்கு அடியில் போக வேண்டும்.

நான் பெல் ஏரைத் தட்டினேன். ஹென்டர்சன்காரர் அடித்த தரை உறுதியாக இருந்தது, ஆனால் மாற்றிய தரை. அதை உள்ளபடி எழுதினேன். மஸ்டாங்குக்கு அடியில் ரப்பர் பாயை விரித்தேன், மண்டியும் போட்டேன். மூன்று தோசையும் அப்போதுதான் தங்கள் எடையைச் சொல்ல ஆரம்பித்தன. அண்ணன் டார்ச்சை வாங்கிக்கொண்டு, "நான் காட்டுறேன் தம்பி, எங்க பாக்கணும்?" என்றார். அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அவர் முகத்துக்கு எதிரேயே, நீங்கள் சொன்னது சரியா என்று எண்ணைச் சரிபார்ப்பது எனக்கு என்னவோ போல இருந்தது. மேலோட்டமாக நாலு போட்டோ எடுத்தேன், எழுந்தேன். படிவத்தில் 'கண்டது' பக்கத்தில் எழுதினேன்: இன்ஜின், ஒரிஜினல்.

சாப்பிடாமல் பார்க்கப் போங்கள், பார்த்த பிறகு சாப்பிடுங்கள். இந்தக் கட்டுரையில் உருப்படியாக ஒன்று இருந்தால் அது இதுதான்.

காகிதம் போனது. எண்கள் பொருந்தும் மஸ்டாங்கை வைத்துக்கொள்வது பொருத்தம், பாதி மாற்றிய பெல் ஏரை விற்பது பொருத்தம் என்று நான் எழுதியிருந்தேன். அண்ணன் போன் செய்து நன்றி சொன்னார். அக்கா என்ன சொன்னார் என்று கேட்டேன். 'காகிதம் சொல்லிருச்சுல்ல' என்றாராம். இரண்டு வாரத்தில் ஹாமில்டனிலிருந்து பிரையன் என்ற ஒரு ஓய்வுபெற்ற பால் டாங்கர் டிரைவர் வந்து பார்த்து, பெல் ஏரை எடுத்துக்கொள்வதாகக் கை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டிரெய்லரோடு வருவார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் தலைமை மதிப்பீட்டாளர் என் மேஜைக்கு வந்தார். மாதாமாதம் எங்கள் ரிப்போர்ட்டுகளில் சிலதை எடுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். மஸ்டாங்கின் படிவமும் என் போட்டோ ஒன்றும் அவர் கையில் இருந்தன. இன்ஜின் ஒரிஜினல் என்பது எந்தப் பக்கத்து வரி என்று கேட்டார். இடதுபக்கம் என்றேன். போட்டோவை என் முன்னால் வைத்து, ஒரு மூலையைப் பென்சிலால் தொட்டுவிட்டுப் போனார். அவர் குரலை உயர்த்துகிற அளவு அதுதான்.

எதையோ போட்டோ எடுக்கப் போய், வார்த்த தேதியும் அந்த மூலையில் விழுந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த இன்ஜின், கார் பிறந்து ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்துப் பிறந்தது. கூடப் பிறந்தது என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அண்ணன் ஏமாற்றிவிட்டார் என்றுதான் முதலில் கோபம் வந்தது. அரை மணி நேரம் அந்தக் கோபத்தில் சௌகரியமாக இருந்தேன். பிறகு அவர் சொன்ன வாக்கியத்தின் இரண்டாவது பாதி காதில் விழுந்தது. ஒரு லோக்கல் சாமான் கிடையாது. சங்ககிரியில் லாரி சர்வே செய்த காலத்தில் நானே தினமும் சொன்ன சொல் அது. ஒரிஜினல் சாமானா, டூப்ளிகேட்டா? கம்பெனி தயாரித்ததா, சந்தில் யாராவது அடித்ததா? நம் ஊரிலும் ஈப்போவிலும் ஒரிஜினலுக்கு எதிர்ச்சொல் போலி. மாற்றியது என்பது அதற்கு எதிர்ச்சொல்லே அல்ல. கம்பெனி இன்ஜினை வாங்கி மாற்றினால் அது சுத்தமான ஒரிஜினல். தமிழில் அவர் சொன்னது முழு உண்மை. அதே சொல்லை அதே எழுத்தில் இங்கிலீஷ் படிவத்தில் எழுதினேன், பொய்யாகிவிட்டது. என்னோடு வேலை பார்த்த எந்த நியூசிலாந்துக்காரனும் இந்தத் தவற்றைச் செய்திருக்க முடியாது. அதற்கு இரண்டு மொழி தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பெல் ஏரின் தரை லோக்கல் என்றாரே தவிர, அதன் இன்ஜினைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதன் போட்டோக்களை எடுத்துப் பார்த்தேன். வார்த்த தேதிகள் காரோடு பொருந்தின. இன்ஜினும் கியர்பாக்ஸும் பிறந்த நாளிலிருந்து வெளியே வந்ததே இல்லை. ஆக என் காகிதம் நியாயத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றது. அதை நம்பி ஒரு பெண்மணி, தான் ஏறி இறங்கக்கூடிய ஒரே பழைய காரை நாளைக் காலை ஒன்பது மணிக்கு விட்டுக்கொடுக்கப் போகிறார்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. கோயிலில் பாட்டுப் பயிற்சி இருந்திருக்கிறது. செய்தி அனுப்பலாம் என்று தட்டினேன், அழித்தேன், தட்டினேன். 'உங்க இன்ஜின் ஒரிஜினல் இல்ல அண்ணே' என்று எழுதினால், நீங்கள் பொய்யர் என்று அர்த்தம். 'நான் சரியாகப் பார்க்கவில்லை' என்று எழுதினால் அது நிஜம், ஆனால் என் விரல் அந்த எழுத்துகளைச் சுற்றிச் சுற்றி வந்ததே தவிரத் தொடவில்லை. காலையில் மாசி என்ற புறநகரில் இருக்கும் என் வீட்டிலிருந்து கிளம்பினேன். மோட்டர்வே முழுக்க, ஒன்றும் சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற கேள்விக்கு நான் தயாரித்த பதில்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன என்பதையும் பதிவு செய்கிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பெல் ஏரின் முன்சக்கரங்கள் இரண்டும் டிரெய்லர் சாய்வுப் பலகையில் ஏறியிருந்தன. பிரையன் கம்பிக்கயிற்றை மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா வாசலில், சாவிக்கொத்திலிருந்து பெல் ஏரின் சாவியை மட்டும் பிரித்துக்கொண்டிருந்தார். வளையம் இறுக்கம், வரவில்லை.

எந்த மொழியில் சொல்வது? தமிழில் சொன்னால் அண்ணனுக்கு மானம் காக்கலாம். ஆனால் காசு கைமாறும் நேரத்தில் மூன்று பேர் பிரையனுக்குப் புரியாத மொழியில் குசுகுசுத்தால், அவர் என்ன நினைப்பார்? அண்ணனைத் திருடன் என்று நினைப்பார். இங்கிலீஷில் சொன்னால் கூசிப் போவது நான் ஒருவன்தான். இதைக் கணக்குப் போட்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், வாயைத் திறந்தபோது தலைக்கு மேல் விமானம் வந்தது. எல்லாரும் வழக்கம்போல நிறுத்திக்கொண்டு என்னையே பார்த்தார்கள். அந்தச் சில விநாடியில்தான் யோசித்தேன். ஒருவரைக் காப்பாற்றச் சொல்கிற ரகசியம் அவரையே குற்றவாளியாகக் காட்டும் என்றால், அதைச் சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.

இங்கிலீஷில் சொன்னேன். என் ரிப்போர்ட் தவறு. மஸ்டாங்கின் இன்ஜின் பிற்பாடு வைத்தது. அண்ணன் அதை மறைக்கவில்லை. எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம், நான் சரிபார்க்காமல் எழுதிவிட்டேன். பெல் ஏரின் இன்ஜின்தான் கூடப் பிறந்தது.

அண்ணன் தமிழுக்குத் திரும்பினார். "நான் பொய் சொன்னேன்னு சொல்றீங்களா தம்பி? ஹாமில்டன் போற வழியில, பாம்பே ஹில்ஸ் ஏத்தத்துல பழைய இன்ஜின் வெடிச்சுப் போச்சு. அமெரிக்காவுல இருந்து கம்பெனிச் சாமான் எறக்கிப் போட்டேன். ஒரிஜினல்தானே?"

"ஒரிஜினல்தான் அண்ணே. நீங்க உண்மையத்தான் சொன்னீங்க. தப்பா எழுதினது நான்."

உடனே அதைப் பிரையனுக்கும் சொன்னேன். அவர் கம்பிக்கயிற்றை விடாமல், பெல் ஏர் விஷயம் தனக்குத் தெரியும் என்றார். வந்த அன்றே அடியில் போய்ப் பார்த்தாராம். அதனால்தான் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தாராம். மஸ்டாங்கையும் பார்த்தாராம், ஆனால் அது விற்பனைக்கு இல்லை என்பதால் வாயைத் திறக்கவில்லையாம். நான் தொழில்முறையில் செய்யாததை அவர் பொழுதுபோக்குக்காகச் செய்திருந்தார்.

அக்கா சாவியை நோண்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"காகிதம் சொன்னா கேக்குறேன்னு சொன்னேன் தம்பி, கேட்டேன். இப்ப காகிதம் என்ன சொல்லுது?"

இரண்டும் அதனதன் விதத்தில் சிறந்தவை என்று நாம் எழுதிப் பழகிய வாக்கியம் ஒன்று உண்டு. அது நாக்கு நுனிவரை வந்தது. அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "பெல் ஏர் இருக்கணும்னு சொல்லுது அக்கா."

அண்ணன் பிரையனுக்குக் கை கொடுத்தவர். பிரையன் பிடிவாதம் பிடித்தால் அந்தக் கைக்குத்தான் மதிப்பு, என் காகிதத்துக்கு அல்ல. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். பிரையன் அக்காவைப் பார்த்தார், பிறகு கராஜுக்குள் பார்த்தார். தனக்கு டிரெய்லர் காலியாகத் திரும்பினால்தான் பிடிக்காது என்றார். எண்ணைப் பற்றிக் கவலை இல்லை, தான் ஓட்டுவதற்குத்தான் வாங்குவது, பூட்டி வைத்துக் கும்பிடுவதற்கு அல்ல. சிவப்பு வண்டியைக் கொடுப்பதாக இருந்தால், அதற்கேற்ற விலையில் அதை எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

சவரிமுத்து அண்ணன் வீட்டுக்குள் போனார். அவர் திரும்பி வர மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. வந்தார், மஸ்டாங்கின் சாவியோடு. கராஜிலிருந்து அதைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து, பெல் ஏர் இறங்கிய பலகையில் தானே ஏற்றினார். ஒரு முறை கூடுதலாக ஆக்சிலரேட்டரை மிதித்தார். தெருவில் ஒரு நாய் குரைத்தது. இறங்கி, சாவியைப் பிரையனிடம் கொடுக்கும்போது, "ஒரிஜினல் இன்ஜின்" என்று இங்கிலீஷில் சொன்னார். பிரையன், "தெரியும் மேட்" என்றார்.

நான் கிளம்பியபோது அண்ணன் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன் என்பதுதான் என் சங்கடம்.

திங்கட்கிழமை ரிப்போர்ட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, தவறு என்னுடையது என்று கம்பெனிக்கு எழுதினேன். தலைமை மதிப்பீட்டாளர் அதை வாசித்தார், திட்டவில்லை. அந்த ஒரு வரியை இடதுபக்கத்திலிருந்து அடித்து, வலதுபக்கம் எழுதச் சொன்னார். எழுதினேன். பத்தொன்பது வருஷத்தில் நான் எழுதிய வரிகளில் அது ஒன்றுதான் முழுக்கச் சரியான இடத்தில் இருந்தது என்று பின்னாளில் எனக்குப் பட்டதுண்டு.

ஆனாலும் உள்ளூர ஒரு திருப்தி. நெருக்கடியில் உண்மையைச் சொன்னேன், சொல்ல வேண்டிய மொழியில் சொன்னேன், ஒரு பெண்மணியின் காரைக் காப்பாற்றினேன். இதை இரண்டொரு கூட்டத்தில் சொல்லிக் காட்டியும் இருக்கிறேன், கொஞ்சம் தலையைக் குனிந்தபடி, அடக்கமாகத் தெரிகிற கோணத்தில்.

ஆறு வாரம் கழித்து அவர்கள் ஹென்டர்சனுக்குக் குடி போனார்கள். போன அன்று மாலை ரோசி அக்கா போன் செய்தார். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று, அதை மறுத்து அடக்கமாகச் சொல்ல வேண்டியதை மனதில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"தம்பி, கராஜ் கதவு மூடல."

கதவில் கோளாறா என்று கேட்டேன்.

"கதவு நல்லாத்தான் இருக்கு. காடி ஒரு சாண் வெளிய நிக்குது."

வீடு வாங்கும்போது அண்ணன் கராஜை அளக்கவில்லையா என்று கேட்டேன்.

"அளந்தாரே. மஸ்டாங்குக்கு அளந்தாரு," என்றார் அக்கா. "நீங்க எதுக்குத் தம்பி அளந்தீங்க? பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்தீங்களே, அதுல நீளமே இல்லையே."